உதைக்கும் நாற்காலிக்கு ஓர் அசையும் படம்

நாற்காலி வெளியே போனால் தானும் அதோடு வெளியே போய்விடுவதாக ஒரெஸ்ட் சபதம் செய்தார்.

சபதத்தோடு சமையலறை மேசையில் ஓங்கி ஒரு குத்து வேறு. காப்பி தளும்பியது. அவர் மனைவி ஸ்லாவ்கா துணியை எடுத்து மேசையைத் துடைத்தாள். சபதத்தையும் சேர்த்துத் துடைத்த மாதிரிதான் இருந்தது.

"அப்ப 'இலவசம்'னு ரெண்டு அட்டை எழுதணும். ஒண்ணு நாற்காலிக்கு, ஒண்ணு உனக்கு. அந்தத் தடிப் பேனாவை எங்கே வச்சே?"

வினிபெக் நகரத்தில் இலவச வாரக்கடைசி என்று ஒன்று உண்டு, அதற்காக ஊரே காத்திருக்கும். வீட்டில் வேண்டாததை 'இலவசம்' என்று அட்டை எழுதித் தெருவோரம் வைத்துவிடலாம். வேண்டியவர் தூக்கிக்கொண்டு போகலாம். ஏன், எதற்கு என்ற கேள்வி கிடையாது. விதி என்று இருப்பது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்வரை யாரும் எடுக்காத பொருளை, வைத்தவரே திரும்ப வீட்டுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்லாவ்கா வெளியே அனுப்ப நினைத்தது ஒரெஸ்ட்டின் சாய்வு நாற்காலியை. பழுப்பு நிறம், பானை வயிறு, பக்கவாட்டில் ஒரு மரப்பிடி. பிடியை இழுத்தால் முதுகு சாயும், காலுக்குப் பலகை எழும்பும். அதுவரைக்கும் சொர்க்கம். எழுந்திருக்கலாம் என்று மறுபடி பிடியைத் தொட்டால்தான் சங்கதி. உள்ளே இருந்த ஸ்பிரிங்குக்கு எந்தக் காலத்திலோ புத்தி பேதலித்திருந்தது. கறவை மாடு செம்பை உதைக்கிற மாதிரி, உட்கார்ந்திருப்பவரை ஒரே உதை.

அதன் சூட்சுமம் ஒரெஸ்ட்டுக்கு மட்டுமே தெரியும். இடுப்பை இடப்பக்கம் ஒடித்து, மூச்சைப் பிடித்து, பிடியைத் தூங்குகிற குழந்தையைத் தொடுவது போல் தொட வேண்டும். மற்றவர்களுக்கு இது தெரியாது. ஈஸ்டர் விருந்துக்கு வந்த பாதிரியாருக்கும் தெரியாது. கையில் பீட்ரூட் சூப்போடு பறந்தார். விழுந்தது முழங்காலில் என்பதால் அங்கேயே ஒரு ஜெபத்தைச் சொல்லிச் சமாளித்துக்கொண்டார், பாவம். சூப்பு மட்டும் இன்றைக்கும் திரைச்சீலையில் இருக்கிறது.

"பாதிரியாரையே உதைச்ச நாற்காலி இந்த வீட்டுல இருக்கக் கூடாது," என்றாள் ஸ்லாவ்கா.

"அவர் பிரசங்கத்தை நீ கேட்டதில்லையா? நாற்காலிக்கும் பொறுமைக்கு ஒரு எல்லை இருக்குல்ல?"

"ஒரெஸ்ட்!"

"அதை யாரும் எடுக்க மாட்டாங்க. எழுதி வச்சுக்க. தெருநாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிடும்."

"அப்படியா? அப்ப பேச்சு இதுதான். தெருவோரம் வைப்போம். ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் யாரும் எடுக்கலைன்னா, சட்டப்படி நானே உள்ளே எடுத்துக்கறேன். அப்புறம் அதைப் பத்தி என் வாய் திறக்காது. சாகற வரைக்கும்."

"சாகற வரைக்கும்?"

"நீ சாகற வரைக்கும். அதுக்கப்புறம் என் இஷ்டம்."

ஒரெஸ்ட்டுக்கு நாக்கில் தேன் சொட்டியது. ஆனால் ஸ்லாவ்கா தேனோடு நிறுத்துகிறவள் அல்ல.

"ஒரு நிபந்தனை. தெருக்காரங்க இணையப் பக்கத்துல அதோட படத்தைப் போடணும். உண்மையான படம். புளுகு கூடாது."

"படத்தை நான் எடுக்கறேன்!" என்று துள்ளினார் ஒரெஸ்ட். இருட்டில் எடுக்கலாம், பின்பக்கத்தை எடுக்கலாம், வேண்டுமென்றே விரலை வைத்து மறைத்து எடுக்கலாம் என்று அதற்குள் அவர் மனசு எட்டு ஊர் சுற்றிவிட்டது.

"நீயா?" ஸ்லாவ்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "போன தடவை பக்கத்து வீட்டுப் பொஹ்தான் புல்வெட்டி மெஷினுக்கு அசையும் படமே போட்டான். சக்கரம் தானா சுத்திச்சு. தெருவே கை தட்டிச்சு. இப்பெல்லாம் அசையாத படத்தை யார் பாக்கறா? விடு, பாவம். உனக்கு அதெல்லாம் வராது."

அந்தப் 'பாவம்' ஒரெஸ்ட்டின் நெஞ்சில் போய்த் தைத்தது. பாவமா? யார் பாவம்? பொஹ்தானும் அவரும் ஒரே டெப்போவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்கள். மைனஸ் முப்பதில், முன் கண்ணாடி உள்பக்கம் உறைந்துபோய், ஒரு விரல் அகல ஓட்டை வழியாகப் பாதையைப் பார்த்து வண்டி ஓட்டியவர் ஒரெஸ்ட். பொஹ்தானோ ஆயுள் முழுக்க வண்டிக்குள் கதகதப்பாக, நேர்பாதையில் போய் வந்தவன். அவனுக்கு வரும் வித்தை இவருக்கு வராதா?

"வரும்," என்றார் ஒரெஸ்ட். "அசையும். பொஹ்தானோட சக்கரத்தை விட அசையும்."

அந்தச் சமயத்தில்தான் அவர் தலைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. உண்மையான படம்தானே வேண்டும்? நாற்காலி உதைக்கிற உண்மையையே அசைய வைத்தால்? ஒரு மனிதன் உட்காருகிறான், பிடியைத் தொடுகிறான், பறக்கிறான், விழுகிறான். மறுபடி உட்காருகிறான், பறக்கிறான், விழுகிறான். உலகம் உள்ளவரைக்கும் விழுந்துகொண்டே இருக்கிறான். அதைப் பார்த்த பிறகு எவன் இந்த நாற்காலிப் பக்கம் வருவான்? புளுகும் இல்லை, நாற்காலியும் போகாது. தன் மூளையைத் தானே தட்டிக்கொடுக்க முடியாததால் மண்டையைச் சொறிந்துகொண்டார்.

முதலில் ஸ்லாவ்காவையே போனைப் பிடிக்கச் சொன்னார். அவள் பிடித்தாள். சிரித்துக்கொண்டே பிடித்ததால் படத்தில் வீடு ஆற்றுவெள்ளத்தில் மிதக்கிற மாதிரி இருந்தது. பிறகு ஊறுகாய் வெள்ளரி ஜாடியின் மேல் போனைச் சாய்த்து, தானாகவே எடுக்கும்படி வைத்துவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்தார். சூட்சுமத்தை மறந்து முரட்டுத்தனமாகப் பிடியைத் தொட்டார். பறந்தார். கம்பளத்தில் விழுந்தார். போய்ப் பார்த்தால் படத்தில் வெறும் நாற்காலி. அவர் பறந்து முடித்து விழுந்த பிறகுதான் போன் எடுத்திருக்கிறது. மறுபடி உட்கார்ந்தார். மறுபடி பறந்தார். இந்த முறை இரண்டு செருப்பு மட்டும் விழுந்தன படத்தில்.

வேலிக்கு அப்பாலிருந்து பொஹ்தானின் குரல் வந்தது.

"டேய் ஒரெஸ்ட்! என்னடா தொம்மு தொம்முனு சத்தம்? ஸ்லாவ்கா அடிக்கறாளா?"

"நாற்காலி அடிக்குதுடா!"

"அதுவும் ஆரம்பிச்சிடுச்சா?"

ஒரெஸ்ட் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவும் போய் உட்கார்ந்தார். முட்டி சிவந்தது, மூக்கு உரசியது, கண்ணாடிச் சட்டம் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. அவர் விடவில்லை. பொழுது சாய்வதற்குள் நல்ல படங்களாகத் தேறிவிட்டன. சிரித்தபடி சாய்ந்திருக்கும் ஒரெஸ்ட், பிடியைத் தொடும் ஒரெஸ்ட், அந்தரத்தில் ஒரெஸ்ட், முழங்காலில் ஒரெஸ்ட், கடைசியில் கம்பளத்தில் முகம் புதைத்த ஒரெஸ்ட்.

அடுத்தது கணினி. மகள் கல்காரி நகரத்துக்குக் குடிபோனபோது விட்டுப்போனது. அதில் படம் திருத்தும் மென்பொருள் ஒன்று இருந்தது. எப்படிச் செய்வது என்று சொல்லித்தரும் வீடியோவும் கிடைத்தது. அதில் பேசிய ஆசாமி, பின்னால் போலீஸ் துரத்துகிற வேகத்தில் பேசினான். ஒரெஸ்ட் அவனை வரிக்கு வரி நிறுத்தி, தான் ஒருமுறை உரக்கச் சொல்லிக்கொண்டார். ஆயுள் முழுக்க ஒவ்வொரு பஸ் நிறுத்தத்தின் பெயரையும் கடைசி இருக்கைவரை கேட்கும்படி அறிவித்த தொண்டை அது. சும்மா இருக்கத் தெரியாது.

"படங்களை ஒண்ணு மேல ஒண்ணா ஏத்து! ஏத்தியாச்சு. இதுக்குப் பேர் அடுக்கு! அடுத்தது, ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கத்துல ஒரு கண்ணு! கண்ணைத் திறந்தா தெரியும், மூடினா மறையும்! ஏறுங்க, ஏறுங்க!"

ஸ்லாவ்கா அதே மேசையின் மறுமுனையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தேவாலயத்து அடித்தளத்தில் வெள்ளிக்கிழமை விற்கும் பெரோகிக் கொழுக்கட்டைகளுக்குப் பூரணம் வைக்க அவள் பங்கு ஒரு மூட்டை.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லேன், கிழவா. கிழங்கெல்லாம் பயப்படுது."

"வித்தை கத்துக்கறேன். குறுக்கே பேசாதே."

அவர் தன் உருவத்தை மட்டும் ஓரம் சுற்றி வெட்டி எடுத்தார். வெட்டும்போது கை தவறி ஒரு காது போய்விட்டது. மீட்டார். இன்னொரு காது போனது. அதையும் மீட்டார். பிறகு எல்லா அடுக்கையும் வெற்று நாற்காலிப் படத்தின் மேல் ஏற்றி, பெருமையோடு கணினியை ஸ்லாவ்கா பக்கம் திருப்பினார்.

படத்தில் ஒரு ஒரெஸ்ட் நாற்காலியில் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு ஒரெஸ்ட் பறந்துகொண்டிருந்தார். ஒரு ஒரெஸ்ட் அவர் காலடியில் மண்டியிட்டிருந்தார். இன்னொரு ஒரெஸ்ட் செத்துக் கிடந்தார்.

ஸ்லாவ்கா கத்தியைக் கீழே வைத்தாள். "கடவுளே. ஒருத்தனுக்குச் சமைக்கறதே பெரும்பாடு."

"கண்ணை மூடல! கண்ணை மூட மறந்துட்டேன்!" என்று ஒரெஸ்ட் கணினியைப் பிடுங்கிக்கொண்டார். "ஓடற படத்துல ஒவ்வொரு அசைவும் ஒரு கட்டம்! ஒரு கட்டத்துல ஒரு அடுக்கோட கண்ணுதான் திறந்திருக்கணும்! மத்ததெல்லாம் மூடு! அடுத்த கட்டம், அடுத்த கண்ணு!"

"நான் உன்னைக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து அதைத்தானே பண்றேன். ஒரு கண்ணைத் திறந்து வச்சுட்டு மத்ததை மூடிக்கறேன்."

அவர் காதில் விழவில்லை. காப்பி வந்தது, குடித்தார். சோறு வந்தது, அதையும் கணினியைப் பார்த்தபடியே விழுங்கினார். ஒரு கட்டம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கீழே எழுதலாம் என்பதைக் கண்டுபிடித்தார். ஒரு தடவை ஓட விடலாம், ஓயாமல் சுற்றவும் விடலாம் என்பதைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் அறிவித்தார். மூலையில் ஒரு சின்னப் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே படித்துக்கொண்டே போனார்.

"கட்டத்தைச் சேர்! கட்டத்தை நீக்கு! கட்டங்களைத் தலைகீழாக்கு! தலைகீழா? கடைசி முதலா வருமாம். இது நமக்கு வேண்டாம். இந்த நிறுத்தத்துல இறங்கறவங்க யாரும் இல்லை! அடுத்தது!"

உருளைக்கிழங்குத் தோல் ஒரே நீளமாக, அறுபடாமல் தட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் படம் முடிந்தது. ஒரெஸ்ட் அதை ஓட விட்டார். படத்து மனிதன் சிரித்தான், தொட்டான், பறந்தான், மண்டியிட்டான், விழுந்தான். மறுபடி சிரித்தான், தொட்டான், பறந்தான். பார்க்கிறவர்களுக்கே முதுகு வலித்தது. பொஹ்தானின் சக்கரமெல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம்! ஒரெஸ்ட்டின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"அசையுதா?"

"அசையுது," என்றாள் ஸ்லாவ்கா. குரலில் உண்மையான மரியாதை இருந்தது. "நான் நினைக்கவே இல்லை, ஒரெஸ்ட். நல்லாப் பண்ணியிருக்கே."

"ஒரு பொய் உண்டா அதுல?"

"ஒண்ணுகூட இல்லை. கொடு, நான் இணையப் பக்கத்துல போட்டுடறேன். உனக்குத்தான் அதுல கணக்கு இல்லையே."

கொடுத்தார். வெற்றி பெற்றவன் பெருந்தன்மையாக இருக்க வேண்டாமா? 'இலவசம்' அட்டையைக்கூடத் தன் கையாலேயே கொட்டை எழுத்தில் எழுதினார். விடிந்ததும் பொஹ்தானைக் கூப்பிட்டு இருவருமாக நாற்காலியைத் தெருவோரம் இறக்கி வைத்தார்கள். ஒரெஸ்ட் அதன் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார். "ஞாயிறு சாயங்காலம் பாக்கலாம்டா."

உள்ளே வந்து ஒரு முட்டையை உடைத்திருப்பார். வாசலில் பேச்சுக்குரல். எட்டிப் பார்த்தார். நாற்காலியைச் சுற்றி ஆட்கள். முட்டை கருகும் வாடை வந்தபோது ஆட்கள் வரிசையாகவே நின்றுவிட்டார்கள். தெரு முனையில் இன்னும் இரண்டு பேர் கைத்தடியோடு வேகமாக வந்துகொண்டிருந்தார்கள்.

வரிசையின் தலையில் நின்றது ஸ்டெஃபா அம்மாள். தேவாலயத்துப் பெரோகிப் படைக்குத் தளபதி. அவள் முகம் சுளித்தால் வெள்ளிக்கிழமைகளில் இந்த வட்டாரத்தில் எவனுக்கும் பெரோகி கிடையாது. முட்டி இரண்டும் போய்விட்டதால், எங்கே உட்கார்ந்தாலும் அவளை எழுப்ப இரண்டு மருமகன்கள் வேண்டும். அந்த இரண்டு பேரும் பின்னால் சரக்கு வண்டியோடு நின்றார்கள்.

"ஒரெஸ்ட், ஆளைத் தூக்கிவிடற நாற்காலி இதுதானே?"

"தூக்கிவிடறதா? யார் சொன்னா?"

"நீதான் சொன்னே!" ஸ்டெஃபா அம்மாள் தன் போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

ஒரெஸ்ட் பார்த்தார். ஒரு மனிதன் கம்பளத்தில் முகம் புதைத்து, நாதியற்றுக் கிடந்தான். மெல்ல முழங்காலில் எழுந்தான். அப்புறம் ஏதோ தேவதை கைகொடுத்த மாதிரி அந்தரத்தில் மிதந்தான். மிதந்தவனை நாற்காலி ஆசையாக வாங்கி மடியில் சாய்த்துக்கொண்டது. அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் படம் நின்றது. பார்க்கிறவர் மனசு குளிரும்வரை அங்கேயே நின்றது.

ஒரெஸ்ட் போனைக் கையால் விலக்கினார். ஆனாலும் அவர் தோற்றுப்போகிறவர் இல்லை.

"அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. இது தூக்காது. உதைக்கும். பாதிரியாரையே உதைச்சிருக்கு."

"அவர் எடை என்ன, என் எடை என்ன? விலகு."

ஸ்டெஃபா அம்மாள் உட்கார்ந்தாள். நாற்காலி ஒரு பெருமூச்சு விட்டது. சாய்ந்தாள், கண்ணை மூடினாள், "ஆகா" என்றாள். பிறகு பிடியில் கை வைத்தாள். ஒரெஸ்ட் பதறிப்போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் பாய்ந்தார். ஸ்பிரிங்கு உதைத்தது.

ஸ்பிரிங்கின் வெறிக்கும் ஸ்டெஃபா அம்மாளின் கனத்துக்கும் ஜாதகம் பார்த்துச் சேர்த்த மாதிரிப் பொருத்தம். அவள் பறக்கவில்லை. விழவும் இல்லை. முளைத்தாள். கைத்தடியை ஊன்றாமல், மருமகன் கை படாமல், சொந்தக் காலில் நிமிர்ந்து நின்றாள்.

"நிக்கறேன்!" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "டேய், பாருங்கடா! தானா நிக்கறேன்!"

வரிசை கை தட்டியது. வேலிக்கு அப்பாலிருந்து பொஹ்தானும் கை தட்டினான். மருமகன்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள்.

"அம்மா, அது என்னோட..." என்று ஆரம்பித்தார் ஒரெஸ்ட்.

ஸ்டெஃபா அம்மாள் அட்டையைத் தட்டிக் காட்டினாள். "இலவசம்னு போட்டிருக்கே. உன் கையெழுத்து மாதிரி இருக்கு?"

அவர் கையெழுத்துதான். சந்தேகத்துக்கே இடமில்லாத கொட்டை எழுத்து. சரக்கு வண்டி கிளம்பியது. நாற்காலி மல்லாந்து, கால் பலகையை நீட்டியபடி, பெரிய மனுஷன் மாதிரி போனது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரெஸ்ட் உள்ளே வந்தார். ஸ்லாவ்கா கருகிய சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என் படத்தை என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலையே. நீ எடுத்த அதே படம்தான். ஒண்ணு கூட்டலை, ஒண்ணு குறைக்கலை. ஒரு பொய் உண்டா அதுல?"

"தலைகீழா ஓடுது!"

"ஓ, அதுவா." சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "நீதான் அந்த நிறுத்தத்தோட பேரைத் தெருவுக்கே கேக்கற மாதிரி சொன்னியே. நான் இறங்கிட்டேன். கடைசிக் கட்டத்தை மட்டும் கொஞ்சம் நேரம் நிக்க வச்சேன். சிரிப்பு நல்லா வந்திருந்துச்சு, ஓட விட மனசு வரலை."

"நான் நாள் கணக்கா உதைபட்டுக் கத்துக்கிட்டது அது!"

"ஆமா. அவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்தே. கிழங்கு உரிச்சுக்கிட்டே கத்துக்கிட்டேன்."

ஒரெஸ்ட் இன்னும் தளரவில்லை. சபதம் என்று ஒன்று செய்திருக்கிறாரே! நேரே வாசலுக்குப் போனார். நாற்காலி இருந்த இடத்தில் புல் நசுங்கிக் கிடந்தது. சமையலறை முக்காலியைக் கொண்டுபோய் அங்கே போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அது போனால் நானும் போவேன் என்று சொன்னவர், சொன்ன சொல் தவற மாட்டார். அன்று முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் வந்து உட்கார்ந்தார். கொசு கடித்தது. போகிற வருகிறவர்கள் அவரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு விளக்குக்கூண்டை எடுத்துக்கொண்டு போனார்கள்.

பொழுது சாயத் தொடங்கியது. வீட்டுக்குள்ளிருந்து வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கும் வாசனை வந்தது. பொஹ்தான் வேலி மேல் சாய்ந்துகொண்டு, போனைப் பார்த்துத் தனக்குத் தானே சிரித்தான்.

"என்னடா சிரிப்பு?"

பொஹ்தான் போனை நீட்டினான். அசையும் படத்துக்குக் கீழே அவன் காலையிலேயே ஒரு கேள்வி எழுதிப் போட்டிருந்தான்: 'நாற்காலி போயிடுச்சு. படத்துல இருக்கற ஆளும் இலவசமா?'

அதன் கீழே ஸ்லாவ்காவின் பதில் இருந்தது: 'இலவசம்தான், வாசல்லயே இருக்கு. சாயங்காலம் வரைக்கும் யாரும் எடுக்கலைன்னா, என்ன பண்றது, சட்டப்படி நானே உள்ளே எடுத்துக்கணும்.'